சைட்டோகலாசின் பி-யா, டி-யா, லாட்ரன்குலினா, ஃபல்லாய்டினா? ப்ராஜெக்டுக்கு வாங்கும் முன்

காட்பாடி, பாகாயம், சேர்க்காடு என்று வேலூரைச் சுற்றி எங்கே எம்.எஸ்சி. படித்தாலும், கடைசி செமஸ்டர் நெருங்கும்போது செல் உயிரியல் பக்கம் போன மாணவர்கள் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். "ஆக்டினைக் கலைக்கணும், கைடு சைட்டோகலாசின் வாங்கச் சொல்றார், கேட்டலாகைத் திறந்தா பி இருக்கு, டி இருக்கு, இ இருக்கு, பக்கத்துல லாட்ரன்குலின்னு ஒண்ணு இருக்கு, ஃபல்லாய்டின்னு ஒண்ணு இருக்கு, பணம் ஒரு தடவைதான் கிடைக்கும், எதை வாங்கறது?" பெரும்பாலும் விலை குறைவானதையோ பக்கத்து லேபில் மிச்சமிருப்பதையோ எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு வைவாவில் திணறுகிறார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். ஆக்டின் என்பது செல்லுக்கு உருவமும் அசைவும் தரும் புரதம், மேலே உள்ள பெயர்கள் எல்லாம் அதைப் பிடிக்கும் நச்சுகள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: உயிரோடு இருக்கும் செல்லில் ஆக்டினைத் தொந்தரவு செய்து என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு டி. மரபணுச் சேதத்தை எண்ணும் மைக்ரோநியூக்ளியஸ் சோதனைக்கு பி, அங்கே வேறு பேச்சே இல்லை. ஆக்டின் எப்படி அடுக்கியிருக்கிறது என்று படம் எடுப்பதற்கு ஒளிரும் ஃபல்லாய்டின். லாட்ரன்குலின் சில குறிப்பிட்ட கேள்விகளுக்கு மட்டும். ஏன் என்பது கீழே.

## முதலில், எதை வைத்து முடிவு செய்வது

ஆக்டின் செல்லுக்குள் இரண்டு நிலையில் இருக்கிறது. தனித்தனி உருண்டையாக இருப்பது ஜி-ஆக்டின், அவை வரிசையாகக் கோத்து இழையானால் எஃப்-ஆக்டின். காட்பாடி ஜங்ஷனில் ரயிலின் ஒரு முனையில் பெட்டியைச் சேர்த்துக்கொண்டே போவதைப் போல, இழையின் ஒரு முனையில்தான் புது உருண்டைகள் வேகமாகச் சேரும். அதை வேகமுனை என்று வைத்துக்கொள்வோம். செல் நகர்வது, இரண்டாகப் பிரிவது, பாக்டீரியாவை விழுங்குவது, உருவத்தைத் தக்கவைப்பது எல்லாமே இந்தச் சேர்ப்பும் கழிப்பும் சரியாக நடப்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன நான்கு நச்சுகளும் இந்த ஒரே புரதத்தைத்தான் பிடிக்கின்றன. ஆனால் பிடிக்கும் இடமும் விளைவும் வேறு வேறு.

வாங்கும் முன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை:

- உங்கள் கேள்வி என்ன? செல்லைத் தொந்தரவு செய்ய வேண்டுமா, இருப்பதைப் பார்த்தால் போதுமா?
- அந்த நச்சு ஆக்டினைத் தவிர வேறு எதையாவது தொடுகிறதா? அந்த வேறு ஒன்றைத்தான் நீங்கள் அளக்கப் போகிறீர்களா?
- கழுவி எடுத்தால் செல் பழைய நிலைக்குத் திரும்புமா?
- உங்கள் லேபில் இருக்கும் மைக்ரோஸ்கோப், இன்குபேட்டர், மைனஸ் 20 ஃப்ரீசர் இதற்குப் போதுமா?
- குப்பி விலைக்கு மேல் என்னென்ன செலவு வரும்? பணம், நேரம், அனுமதி மூன்றும்.

விலையைக் கடைசியில் வைத்திருப்பது தெரிந்தேதான். நான்குமே ஒரு மில்லிகிராம், அதற்கும் கீழே என்று சின்னக் குப்பியில் பல ஆயிரம் ரூபாய்க்கு வருபவை, லாட்ரன்குலின் அதிலும் கூட. தப்பான குப்பியை வாங்கிவிட்டு இரண்டாவது வாங்குவதைவிட எந்தச் சரியான குப்பியும் மலிவு.

## சைட்டோகலாசின் பி

எங்கிருந்து வருகிறது: பூஞ்சையிலிருந்து. 1960-களின் நடுவில் ஹெல்மின்தோஸ்போரியம் என்ற பூஞ்சையில் ஒரு குழுவும் ஃபோமா என்ற பூஞ்சையில் இன்னொரு குழுவும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1967-இல் எஸ். பி. கார்ட்டர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைதான் இதை ஆராய்ச்சிக் கருவியாக்கியது. எலியின் செல்களில் மில்லிலிட்டருக்கு சுமார் 1 மைக்ரோகிராம் போட்டால் உட்கரு பிரிகிறது, ஆனால் செல் பிரியாமல் ஒரே செல்லுக்குள் இரண்டு, நான்கு என்று உட்கருக்கள் சேர்கின்றன. அளவைப் பல மடங்கு கூட்டினால் உட்கருவே செல்லை விட்டு வெளியே பிதுங்கி வந்துவிடுகிறது. குளோனிங் லேப்களில் கருமுட்டையின் உட்கருவை எடுக்கும்போது முட்டை கிழிந்துவிடாமல் இருக்க இதைச் சேர்ப்பது இந்த வழியில் வந்ததுதான்.

என்ன செய்கிறது: இழையின் வேகமுனையில் உட்கார்ந்து அடைத்துவிடுகிறது. புது உருண்டை சேர முடியாது. செல் பிரியும்போது நடுவில் இறுக்கிச் சுருங்க வேண்டிய ஆக்டின் வளையம் வேலை செய்யாது. அதனால்தான் இரட்டை உட்கரு.

வேறு எதைத் தொடுகிறது: இங்கேதான் நம்ம ஊர் ப்ராஜெக்டுகள் பலவும் சிக்குகின்றன. பி குளுக்கோஸ் கடத்திப் புரதங்களையும் பிடிக்கும். குளுட்-1 என்ற கடத்தியின் உள்பக்கத்தில் போய் உட்கார்ந்து குளுக்கோஸ் உள்ளே வருவதை நிறுத்திவிடும். மனித குளுட்-1 பி-யோடு சேர்ந்திருக்கும் படிக அமைப்பே 2016-இல் வெளியாகியிருக்கிறது. அதைவிட முக்கியம், இந்த அடைப்பு ஒரு மைக்ரோமோலாருக்கு (செறிவின் அலகு) கீழேயே ஆரம்பித்துவிடும். செல்லில் ஆக்டின் விளைவு நன்றாகத் தெரிய வேண்டுமானால் பி பல மைக்ரோமோலார் வேண்டும். அதாவது நீங்கள் ஆக்டினைக் கலைக்கும் அளவுக்குப் போட்டீர்கள் என்றால் குளுக்கோஸ் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும், இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

வேலூரில் எத்தனை ப்ராஜெக்டுகள் சர்க்கரை நோயைச் சுற்றி நடக்கின்றன என்று யோசியுங்கள். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை என்று ஏதோ ஒரு சாற்றை எல்-6 தசைச் செல்லில் போட்டு குளுக்கோஸ் உள்வரவு கூடுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த ப்ராஜெக்டில் "ஆக்டினைக் கலைத்தோம்" என்று சொல்லி பி போட்டால் முடிவு முழுக்கக் குப்பை. ஆனால் அதே ப்ராஜெக்டில் கடத்தி வழியாக வராமல் சும்மா ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் எவ்வளவு என்று கழித்துப் பார்க்க, பி-யையே குளுட் தடுப்பானாகப் போடுவது சரியான, பழக்கமான முறை. ஒரே குப்பி, ஒரே செல். எதற்காகப் போட்டோம் என்று எழுதுவதில்தான் சரியும் தப்பும்.

செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் எம்.டி.டி. சோதனையிலும் இதே தொல்லை வரும். அந்த நிறம் செல்லின் வளர்சிதை மாற்றத்தைப் பொறுத்தது. குளுக்கோஸ் குறைந்தால் செல் சாகாமலேயே நிறம் குறையலாம். அதை "செல் செத்தது" என்று எழுதிவிடாதீர்கள்.

எப்போது இதுதான் சரி: மைக்ரோநியூக்ளியஸ் சோதனை. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்கிறேன், ஏனென்றால் வட ஆர்க்காட்டுக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி டேனரிகள் வரிசையாக இருக்கின்றன, ராணிப்பேட்டையில் பழைய குரோமேட் உற்பத்தியின் கழிவு குவியலாகக் கிடக்கிறது. டேனரியில் தோலைப் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். குரோமேட் கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். மரபணுவைச் சேதப்படுத்துவதில் பேர்போனது இரண்டாவதுதான், மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் அது இருக்கிறது. அந்தக் கழிவு கலந்த தண்ணீரைக் குடிக்கிறவர்களின் ரத்தத்தில் சேதம் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு மாணவி, இந்தப் பகுதியில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறாள்.

அந்தச் சேதத்தை எண்ணுவது இப்படி. உடைந்த குரோமோசோம் துண்டோ பின்தங்கிப்போன முழு குரோமோசோமோ, செல் பிரியும்போது முதன்மை உட்கருவில் சேராமல் தனியாக ஒரு குட்டி உட்கருவாக நிற்கும். ஆனால் செல் ஒரு தடவை பிரிந்தால்தான் அது வெளியே தெரியும். ரத்தத்தில் எடுத்த லிம்ஃபோசைட்டுகளில் (ஒரு வகை வெள்ளணுக்கள்) எது பிரிந்தது, எது பிரியவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1985-இல் ஃபெனெக், மார்லி இருவரும் சொன்ன வழி: பி போடு, ஒரு தடவை பிரிந்த செல் எல்லாம் இரட்டை உட்கருவோடு நின்றுவிடும், அவற்றை மட்டும் எண்ணு. லிம்ஃபோசைட்டுகளைத் தூண்டிவிட்டு 44-ஆவது மணியில் பி சேர்ப்பார்கள், 72-ஆவது மணியில் எடுப்பார்கள். முழு ரத்த வளர்ப்பில் வழக்கமான அளவு மில்லிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம். இதில் டி-யைப் போட்டுப் புதுமை செய்ய வேண்டாம். உலகம் முழுவதும் ஒப்பிடும் முடிவுகள் பி-யில்தான் இருக்கின்றன.

மறைந்திருக்கும் செலவு: குப்பியைவிட மற்றவை அதிகம். மனித ரத்தம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம், அதற்கே வாரக்கணக்கில் போகும். இந்தச் சோதனைக்கான பன்னாட்டு ஓ.இ.சி.டி. வழிகாட்டி 487 ஒரு செறிவுக்குக் குறைந்தது 2000 இரட்டை உட்கரு செல்களைப் பார்க்கச் சொல்கிறது. எண்ணெய் லென்ஸில் கண்ணை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலை தெரியும். வயது கூடினால் மைக்ரோநியூக்ளியஸ் கூடும், பெண்களுக்கு ஆண்களைவிட இயல்பிலேயே கொஞ்சம் அதிகம் இருக்கும். ஆகவே ஒப்பிடும் குழுவை வயது, பாலினம் பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் குரோமியத்தின் மேல் பழி போட முடியாது.

## சைட்டோகலாசின் டி

எங்கிருந்து வருகிறது: இதுவும் பூஞ்சைதான், அதிலும் நமக்குத் தெரிந்த பூஞ்சை. தென்னையில் காண்டாமிருக வண்டுக்குப் போடும் பச்சைப் பூஞ்சை, அதாவது மெட்டாரைசியம், டி-யை உண்டாக்கும் பூஞ்சைகளில் ஒன்று. குடியாத்தம் பக்கம் உரக்கடையில் பையில் விற்கிறார்களே, அந்தப் பொடியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தப் பூஞ்சை டெஸ்ட்ரக்சின் போன்ற வேறு நச்சுகளையும் உண்டாக்கும், எது எவ்வளவு என்று தெரியாத சாற்றை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது.

என்ன செய்கிறது: பி மாதிரியே வேகமுனையை அடைக்கிறது, ஆனால் சுமார் பத்து மடங்கு வீரியமாக. செல் வளர்ப்பில் 0.1 முதல் 2 மைக்ரோமோலார் வரை பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். அரை மணிக்குள் செல் சுருங்கும், நடுவில் உருண்டு கைகால் நீட்டின கிளை கிளையான உருவம் வரும், அழுத்த இழைகள் (தடித்த ஆக்டின் கட்டுகள்) காணாமல் போகும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஆக்டின் கரைந்து மறைந்துவிடுவதில்லை. இழைகள் துண்டாகி ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் கூடி நிற்கும். "டி ஆக்டினை முழுவதும் கரைக்கிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் பிரகாசமான திட்டுகள் உள்ள படத்தைப் போட்டால் எக்ஸ்டர்னல் கேட்கத்தான் செய்வார்.

வேறு எதைத் தொடுகிறது: வழக்கமான அளவில் குளுக்கோஸ் கடத்தியை டி தடுப்பதில்லை. பி-யைவிட டி-யை நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இன்சுலின் தூண்டும்போது குளுட்-4 செல் சவ்வுக்கு வந்து சேர ஆக்டின் வேண்டும். ஆகவே தசைச் செல்லில் டி போட்டாலும் இன்சுலின் தூண்டிய குளுக்கோஸ் உள்வரவு குறையும். இங்கே காரணம் ஆக்டின், கடத்தி அடைபட்டதல்ல. இன்சுலின் இல்லாத அடிப்படை உள்வரவையும் சேர்த்து அளந்தால்தான் இதை நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

மரபணு வெளிப்பாட்டைப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. மரபணுக்களை இயக்கும் எஸ்.ஆர்.எஃப். என்ற காரணியை டி முடுக்கிவிடும், லாட்ரன்குலின் அடக்கிவிடும். இரண்டும் ஆக்டின் இழையைக் குலைப்பவைதான், ஆனாலும் மரபணு மட்டத்தில் நேரெதிர் விளைவு. உருண்டை ஆக்டின் பிடித்துவைத்திருக்கும் துணைக் காரணியை டி விடுவித்துவிடுகிறது, லாட்ரன்குலின் இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வைக்கிறது. "ஆக்டின் கலைந்ததால் இந்த மரபணு கூடியது" என்று ஒரே ஒரு நச்சை வைத்து எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எப்போது இதுதான் சரி: கீறல் சோதனையில் (செல் படலத்தைக் கீறிவிட்டு, செல்கள் நகர்ந்து மூடுகின்றனவா என்று பார்ப்பது) செல் நகர்வைத் தடுத்துக் காட்ட, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல் விழுங்குவதை நிறுத்திப் பார்க்க, பாக்டீரியா செல்லுக்குள் நுழைய ஆக்டின் வேண்டுமா என்று கேட்க. வயிற்றுப்போக்குக் கிருமிகளில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கடைசி ஒன்று ரொம்ப உதவும். டி போட்ட செல்லுக்குள் சால்மோனெல்லா நுழைவது பெரிதும் குறைந்துவிடும், வெளியே ஒட்டியிருப்பதை ஜென்டாமைசினால் கொன்றுவிட்டு உள்ளே போனதை மட்டும் எண்ணலாம்.

மறைந்திருக்கும் செலவு: கண்ட்ரோல்கள். டிஎம்எஸ்ஓ (நச்சைக் கரைக்கும் திரவம்) மட்டும் போட்ட கிணறு, அதாவது வளர்ப்புத் தட்டின் குழி, ஒன்று, நச்சைக் கழுவிவிட்டு ஒரு மணி நேரம் விட்ட கிணறு ஒன்று, இரண்டும் இல்லாமல் டி-யின் படத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். டி-யின் விளைவு கழுவினால் திரும்பும், அதைக் காட்டுவதே உங்கள் செல் செத்துப்போகவில்லை என்பதற்குச் சாட்சி. ஆனால் நாள் முழுக்கப் போட்டு வைத்தால் செல் பிரிய முடியாமல் இரட்டை உட்கருவாகி வேறு தொல்லைகள் ஆரம்பிக்கும், அப்புறம் கழுவினாலும் பழைய செல் கிடைக்காது. கீறல் சோதனையை 24 மணி நேரம் ஓட்டுபவர்கள் இதை மனதில் வைத்து அளவைக் குறையுங்கள்.

## லாட்ரன்குலின்

இது பூஞ்சை அல்ல, செங்கடலில் வாழும் ஒரு கடற்பஞ்சிலிருந்து வருவது. ஆக்டின் வேலைக்கு 1983-இல் அறிமுகமானது. முனையை அடைப்பதற்குப் பதிலாகத் தனி உருண்டைகளை ஒன்றுக்கு ஒன்று என்று பிடித்துவைத்துக்கொள்ளும். கோக்க ஆள் இல்லாததால் இழை தானாகக் குறைந்துபோகும். அதனால் "எஃப்-ஆக்டினே இல்லாமல் செய்ய வேண்டும்" என்பது உண்மையான கேள்வியாக இருந்தால் டி-யைவிட இது தெளிவான முடிவு தரும். ஈஸ்ட்டில் வேலை செய்பவர்கள் யோசிக்காமல் லாட்ரன்குலின் ஏ எடுங்கள், அங்கே சைட்டோகலாசின் சரிப்பட்டு வராது.

ஏ, பி என்று இரண்டு உண்டு. லாட்ரன்குலின் பி-யின் வீரியத்தை மீடியத்தில் உள்ள சீரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடும், நீண்ட நேரச் சோதனைக்கு ஆகாது. மற்றபடி எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு இது தேவைப்படுவது அபூர்வம் என்பது என் கருத்து. டி-யில் வந்த முடிவை உறுதிப்படுத்த இரண்டாவது நச்சாகக் கேட்கும் பிஎச்.டி. மாணவர்களுக்கு வாங்கித் தரலாம்.

## ஃபல்லாய்டின்

எங்கிருந்து வருகிறது: ஐரோப்பாவில் ஆளைக் கொல்லும் அமானிடா ஃபல்லாய்டஸ் காளானிலிருந்து. 1937-இல் லைனன், வீலாந்து இருவரும் பிரித்தெடுத்தார்கள். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகச் சேர்ந்த சின்னப் பெப்டைடு. அந்தக் காளானைத் தின்றவரைக் கொல்வது ஃபல்லாய்டின் அல்ல, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இரண்டைத் தடுக்கும் ஆல்ஃபா-அமானிட்டின். ஃபல்லாய்டின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அதற்காகக் கவனக்குறைவாகக் கையாளலாம் என்று அர்த்தமில்லை.

என்ன செய்கிறது: மற்ற மூன்றுக்கும் நேரெதிர். இழையைக் கலைக்காமல் இறுக்கிப் பிடித்து நிலைநிறுத்தும். பெரும்பாலான செல்களுக்குள் தானாக நுழையாது. எனவே உயிருள்ள செல்லைத் தொந்தரவு செய்ய இது உதவாது, செல்லை ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி (கொன்று, இருந்தபடியே நிற்க வைத்து), சவ்வைத் துளையிட்டு, ஒளிரும் சாயம் கோத்த ஃபல்லாய்டினைப் போட்டால் எஃப்-ஆக்டின் மட்டும் பளிச்சென்று தெரியும்.

மறைந்திருக்கும் செலவு: முதல் பொறி, சாயம் கோக்காத ஃபல்லாய்டினும் கேட்டலாகில் இருக்கிறது. விலையைப் பார்த்து அதை வாங்கினால் மைக்ரோஸ்கோப்பில் இருட்டுதான். இரண்டாவது, உங்கள் மைக்ரோஸ்கோப்பில் என்ன ஃபில்டர் இருக்கிறது என்று பார்க்காமல் சாயத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது. தூரச் சிவப்பு சாயம் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அதற்கேற்ற கேமரா வேண்டும். பச்சையோ ஆரஞ்சோ வாங்கினால் பெரும்பாலான காலேஜ் கருவிகளுக்குச் சரி. மூன்றாவது, மெத்தனால். ஃபல்லாய்டின் ஸ்டாக்கை மெத்தனாலில் கரைக்கலாம், அது பிரச்சினை இல்லை. செல்லை மெத்தனாலில் நிலைநிறுத்தினால் ஆக்டினின் வடிவம் கெட்டு ஃபல்லாய்டின் ஒட்டாது. வேறு ஆன்டிபாடிக்காக மெத்தனால் முறை பழகிய லேப்களில் இது அடிக்கடி நடக்கிறது.

எப்போது இதுதான் சரி: உங்கள் மூலிகைச் சாறோ, நானோ துகளோ, குரோமியமோ ஆக்டினை என்ன செய்கிறது என்ற கேள்வி இருக்கும்போது. அங்கே ஆக்டினைக் கலைக்கும் நச்சு உங்களுக்கு முக்கியமே இல்லை, ஒரு பாசிட்டிவ் கண்ட்ரோலாக ஒரே ஒரு கிணற்றுக்கு டி போதும், அதைப் பக்கத்து லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் ப்ராஜெக்ட் செய்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவை ஃபல்லாய்டின்தான், சைட்டோகலாசின் அல்ல என்று நினைக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | சைட்டோகலாசின் பி | சைட்டோகலாசின் டி | லாட்ரன்குலின் | ஃபல்லாய்டின் |
|---|---|---|---|---|
| மூலம் | பூஞ்சை | பூஞ்சை | கடற்பஞ்சு | காளான் |
| ஆக்டினில் வேலை | வேகமுனையை அடைக்கும் | வேகமுனையை அடைக்கும், வீரியம் அதிகம் | தனி உருண்டையைப் பிடிக்கும் | இழையை நிலைநிறுத்தும் |
| உயிருள்ள செல் | நுழையும் | நுழையும் | நுழையும் | பெரும்பாலும் நுழையாது |
| கழுவினால் திரும்புமா | திரும்பும் | திரும்பும் | திரும்பும் | கேள்வியே இல்லை, செல் நிலைநிறுத்தியது |
| பெரிய சிக்கல் | குளுக்கோஸ் கடத்தியைத் தடுக்கும் | நீண்ட நேரம் வைத்தால் இரட்டை உட்கரு | விலை, லாட்ரன்குலின் பி-க்கு சீரம் | ஃபில்டர், மெத்தனால் |
| பொருந்தும் இடம் | மைக்ரோநியூக்ளியஸ், குளுட் தடுப்பு | நகர்வு, விழுங்கல், நுழைவு | ஈஸ்ட், உறுதிப்படுத்தும் சோதனை | படம் எடுத்தல் |

## செல் வளர்ப்பு வசதியே இல்லாத காலேஜ் என்றால்

கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லாத கல்லூரிகள் நம்ம பக்கம் நிறைய. அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. காரா, நைட்டெல்லா போன்ற நீர்ப்பாசிகளின் நீண்ட செல்களுக்குள் சைட்டோபிளாசம் ஓடிக்கொண்டே இருப்பது சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே தெரியும். அந்த ஓட்டம் ஆக்டின் இழைகளின் மேல் மயோசின் என்ற இயக்கப் புரதம் நடப்பதால் நடக்கிறது, சைட்டோகலாசின் பி போட்டால் நின்றுவிடும், கழுவினால் மறுபடி ஓடும். ஏரியில் பாசி, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு ஸ்டாப்வாட்ச்: எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எந்தச் செறிவில், எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று அளந்தால் ஒழுங்கான ப்ராஜெக்ட் ஆகும். அரைகுறை வசதியில் மனிதச் செல்லை வளர்த்து, பாதி பிளேட் கான்டாமினேஷனில் போய், மீதியை வைத்து ஏதோ எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

## எவ்வளவு வாங்குவது, எப்படி வைப்பது

கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 5 மில்லிகிராம் குப்பிக்குக் கொட்டேஷன் கேட்கிறார்கள். டி-யின் மூலக்கூறு எடை 507.6. ஒரு மில்லிகிராமை 197 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக். அதைப் பத்தாயிரத்தில் ஒன்றாக நீர்த்தால் 1 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ வெறும் 0.01 சதவீதம். அந்த ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 2 லிட்டர் மீடியம் கிடைக்கும். ஆறு கிணறு பிளேட்டில் கிணற்றுக்கு 2 மில்லி என்றால் ஆயிரம் கிணறுகளுக்குக் கிட்ட. ஒரு மில்லிகிராம் இரண்டு பேட்ச் மாணவர்களுக்குத் தாராளம்.

பி-யின் கணக்கு வேறு. மில்லிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம், 5 மில்லி வளர்ப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் 30 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் 33 வளர்ப்புதான். ஒருவருக்கு இரண்டு வளர்ப்பு என்றால் 16 பேரோடு தீர்ந்தது. டேனரித் தொழிலாளர்கள், ஒப்பீட்டுக் குழு என்று இரண்டு பக்கமும் ஆள் சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டு மொத்தமாக வாங்குங்கள், நடுவில் குப்பி மாறினால் இன்னொரு குழப்பம்.

சென்னை, பெங்களூரு ஏஜென்டுகள் மூலம் வரும்போது ஸ்டாக் இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். கத்திரி வெயிலில் பார்சல் ஆபீசில் ஒரு நாள் கிடக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூரியர் வரும் நாளைக் கேட்டு வைத்து அன்றே வாங்கி ஃப்ரீசரில் வையுங்கள். ஸ்டாக்கைச் சின்னச் சின்ன ட்யூப்பாகப் பிரித்து மைனஸ் 20-இல் வைத்து, ஒரு தடவை உருகியதைத் திரும்ப உறைய வைக்காமல் இருந்தால் நெடுநாள் தாங்கும். கரன்ட் போனால் கதவைத் திறந்து பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். ஒளிரும் ஃபல்லாய்டினை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

## கையாளும்போது

செல் பிரிவதையே நிறுத்தும் நச்சு மனிதரையும் விடாது. கேட்டலாகிலேயே விழுங்கினாலும் தோலில் பட்டாலும் மூச்சில் போனாலும் ஆபத்து என்று எழுதியிருக்கும், டி விலங்குகளில் கருவுக்குக் குறைபாடு உண்டாக்கியிருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர், அதற்கு வாய்ப்பு இருப்பவர் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதைக் கேட்க வெட்கமே வேண்டாம், கைடு மறுத்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பொடியைத் தராசில் கொட்டி எடை போடாதீர்கள், குப்பிக்குள்ளேயே டிஎம்எஸ்ஓவை விட்டுக் கரையுங்கள். டிஎம்எஸ்ஓ தோலுக்குள் இறங்கும்போது தன்னில் கரைந்ததையும் கூட இழுத்துக்கொண்டு போகும். ஆகவே நைட்ரைல் கையுறை கட்டாயம், ஸ்டாக் பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள்.

கழிவு மீடியத்தை சிங்க்கில் ஊற்ற வேண்டாம். ஆட்டோகிளேவ் கிருமிக்கானது, நச்சு மூலக்கூறுக்கு அதை நம்பாதீர்கள். தனி பாட்டிலில் சேர்த்து, நச்சுக் கழிவு என்று எழுதி, கல்லூரி எந்த வழியில் வேதிக் கழிவை அனுப்புகிறதோ அதில் அனுப்புங்கள். ப்ராஜெக்ட் முடிந்து கிளம்பும்போது ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் ட்யூப்புகள் ஒவ்வொன்றிலும் பெயர், செறிவு, கரைத்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து கைடிடம் கையில் ஒப்படையுங்கள். பெயர் இல்லாத ட்யூப்பை அடுத்த வருஷம் வரும் தம்பியோ தங்கையோ வெறும் டிஎம்எஸ்ஓ என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது.